லேபில் ஒட்டிய தோல் காயத்தில் ஏன் ஒட்டவில்லை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தீக்காயத்துக்கான தோல் மாற்று ஒன்றைச் செய்யும் வேலையில் மூன்றே கால் வருடம் போனது. அதில் 14 மாதம் சுத்தமாக வீண். அந்த மாதங்களில் செய்த ஒரு துண்டுகூட இன்று எதற்கும் உதவாது. கெமிக்கல், சீரம், எலி, வெளி லேபுகளுக்குக் கட்டிய டெஸ்ட் கட்டணம் என்று தண்ணீரில் போட்டது மட்டும் 18 லட்சத்துக்கு மேல். கட்டுரைகளில் கடைசியாகச் சரியாக வந்த சோதனை மட்டும்தான் அச்சாகிறது. அதற்கு முன்னால் குப்பைக் கூடைக்குப் போன நாற்பது தட்டுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. கேட்டால், "அது தெரிஞ்சதுதானே" என்கிறார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது. தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கதையைவிட, எந்தப் படியில் எது கெடும், ஏன் கெடும் என்பதுதான் இதில் அதிகம் இருக்கும்.

பின்னணி கொஞ்சம். தோலில் மேல்தோல், உள்தோல் என்று இரண்டு அடுக்கு. மேல்தோல் மட்டும் போனால் தானாக வளர்ந்துவிடும். உள்தோலும் முழுக்க வெந்துவிட்டால் வளராது. நோயாளியின் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்ட வேண்டும். உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவரிடம் சீவி எடுக்க இடம் இருக்காது. மாற்று தேவைப்படுவது அங்கேதான். இந்தத் துறைக்கு இரண்டு வேர். ஒன்று, பாஸ்டனில் ஜான் பர்க் என்ற சர்ஜனும் எம்.ஐ.டி.யின் இயானிஸ் யானஸும் சேர்ந்து 1981-ல் வெளியிட்டது: மாட்டின் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜன் (தோலுக்கும் தசைநாருக்கும் வலுத் தரும் இழைப் புரதம்), சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி, மேலே ஒரு சிலிக்கோன் ஏடு. இன்டெக்ரா என்ற பெயரில் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்னொன்று, ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975-ல் காட்டிய வழி: நோயாளியின் சிறு தோல்துண்டிலிருந்து கெரட்டினோசைட் என்ற மேல்தோல் செல்களைத் தட்டில் பெருக்கி மேல்தோல் ஏடாக எடுப்பது. முதலாவது உள்தோலுக்கு, இரண்டாவது மேல்தோலுக்கு. நாங்கள் எடுத்தது முதல் வழி. கொலாஜன் நுரையைச் செய்து, பிறகு அதன் மேல் செல்லை வளர்ப்பதாகத் திட்டம். லேபில் இந்த நுரையை ஸ்காஃபோல்ட் என்போம். கட்டட வேலையில் சாரம் கட்டுவதுபோல, செல் ஏறி நிற்க ஒரு சாரம்.

சாரத்துக்கு மூலப்பொருள் கொலாஜன். கசாப்புக்கடையிலிருந்து வரும் குதிகால் தசைநாரைச் சுத்தம் செய்து, 1-2 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் கழுவி, 0.5 மோலார் அசிட்டிக் அமிலத்தில் பெப்சின் என்ற நொதியோடு 4 டிகிரியில் இரண்டு மூன்று நாள் கலக்கி, மையவிலக்கி, உப்புப் போட்டுப் படியவைத்து, திரும்பக் கரைத்து டயலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து உப்பை வெளியேற்றுவது). எழுதினால் இரண்டு வரி. எல்லாமே 4 டிகிரியில் நடக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஆட்டுக்கால் பாயாவை ஆறவைத்தால் கட்டியாகிறதே, அது கொலாஜன் வெந்து, அதன் மூன்று சங்கிலிகளின் முறுக்கு அவிழ்ந்து ஜெலட்டினானதன் விளைவு. அமிலத்தில் கரைந்த கொலாஜன் ஏறக்குறைய உடம்புச் சூட்டிலேயே அந்த நிலைக்குப் போக ஆரம்பித்துவிடும். குளிர்ந்த கடல் மீனின் கொலாஜன் இன்னும் மோசம். காட் மீனுடையது 15 டிகிரி பக்கத்திலேயே அவிழ்ந்துவிடும். "மீன் கழிவிலிருந்து சல்லிசாகக் கொலாஜன்" என்று கிளம்புகிறவர்கள் முதலில் அந்த மீன் எந்தக் கடலில் வாழ்ந்தது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

எங்களுக்குக் கெட்டது பிளெண்டரில். கொலாஜனை அமிலத்தில் ஊறவைத்து அரைக்கும்போது பிளேடின் உரசலிலேயே சூடு ஏறும். ஜார் வெளியே ஐஸில் இருந்தாலும் உள்ளே இருப்பது பசை. குளிர் நடுவுக்குப் போவதில்லை. ஒரு நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடம் நிறுத்தி, உள்ளே தெர்மோமீட்டர் விட்டு 10 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள இரண்டரை மாதம் ஆனது. காரணம், நாங்கள் நம்பிய டெஸ்ட். புரதங்களை நீளவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஓட்டினால் கொலாஜன் சங்கிலிகளின் ஆல்ஃபா பட்டைகள் அழகாகத் தெரிந்தன. ஆனால் அந்த ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் மாதிரியைக் கொதிக்க வைக்கிறோம்! நல்ல கொலாஜனும் அங்கே அவிழ்ந்துதான் ஓடுகிறது. சங்கிலி அறுந்திருந்தால் ஜெல் காட்டும். முறுக்கு அவிழ்ந்ததை அது காட்டாது. அதற்கு, புரதத்தின் முறுக்கை ஒளியால் காட்டும் சி.டி. ஸ்பெக்ட்ரம் பார்க்க வேண்டும். முறுக்கு குலையாத கொலாஜனுக்கு 221 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும், ஜெலட்டினில் அது காணாமல் போகும். சி.டி. கருவி கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் ட்ரிப்சின் என்ற நொதியைப் போட்டுப் பாருங்கள். முறுக்கோடு இருக்கும் கொலாஜனை ட்ரிப்சினால் அசைக்க முடியாது, அவிழ்ந்ததைத் தின்றுவிடும். செலவு சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது உறையவைத்து உலர்த்துவது. 0.5 முதல் 1 சதவீதக் கொலாஜன் பசையைக் காற்றுக்குமிழ் போகும்வரை வெற்றிடத்தில் வைத்து, ஸ்டீல் தட்டில் 3 மி.மீ. கனத்துக்கு ஊற்றி உறையவைத்தால், ஐஸ் படிகம் இருந்த இடமெல்லாம் பின்னால் துளையாக நிற்கும். ஆக, துளையின் அளவைத் தீர்மானிப்பது ஐஸ். யானஸ் குழு கண்டபடி துளை 20 முதல் 120 மைக்ரான் வரை இருந்தால் காயத்தில் சாரம் வேலை செய்கிறது. அதைவிடச் சிறுத்தால் செல் உள்ளே நுழையாது, பெருத்தால் பிடித்து நிற்கப் பரப்பு போதாது. நாங்கள் முதலில் சாதாரண –20 ஃப்ரீசரில் வைத்தோம். ஓரத்தில் ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, தட்டின் அடி லேசாக வளைந்திருந்த இடத்தில் மூன்றாவது அளவு. ஒரே தட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் இரண்டு விதமாக நடந்துகொண்டன, செல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் நிதானமாக –40 வரை இறக்கினால் துளை ஒரே சீராக வரும் என்பது 2004-லேயே அச்சில் இருந்தது. சராசரி 96 மைக்ரான். –10-ல் நிறுத்தினால் 151. ஷெல்ஃபின் குளிரை இப்படிப் படிப்படியாக இறக்க முடிகிற ஃப்ரீஸ் டிரையர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். வாங்க முடியாவிட்டால் மருந்துக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு ஓட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலர்த்துவது 17 மணி நேரத்துக்குக் குறையாத வேலை. நடுவில் பம்ப் நின்று வெற்றிடம் போனால் உள்ளே இருக்கும் ஐஸ் உருகும், நுரை தன் மேலேயே மடிந்து படியும். காலையில் திறந்தால் வெள்ளைப் பஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் அப்பளம் மாதிரி ஒளி ஊடுருவும் தகடு. ஜெனரேட்டர் வந்துவிடுமே என்று இருந்தோம். ஜெனரேட்டர் எடுக்கும் 40 வினாடி போதும் கெடுக்க. பம்புக்கும் குளிர்விப்பானுக்கும் யு.பி.எஸ். கட்டாயம். இன்னொன்று: காற்றைப் பார்த்திருக்கும் மேல்பக்கத்தில் பாலாடைபோல மூடிய ஒரு ஏடு உருவாகும். அந்தப் பக்கம் காயத்தில் பட்டால் செல் உள்ளே ஏறாது. எந்தப் பக்கம் மேல் என்று உலர்ந்த உடனே ஒரு மூலையை வெட்டி அடையாளம் வையுங்கள். நாங்கள் வைக்காததால் ஒரு முழு எலிப் பரிசோதனையில் பாதித் துண்டுகள் தலைகீழாகப் போயின.

வெறும் கொலாஜன் நுரை காயத்தில் சில நாளில் கரைந்துவிடும். புதுத் திசு ஊறி வரும்வரை இரண்டு மூன்று வாரம் தாங்க வேண்டும். அதற்காக இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறோம். குளூட்டரால்டிஹைடு மலிவு, வலுவாகப் பிணைக்கும். தோல் பதனிடுவதுபோலத்தான் இதுவும். அதன் மிச்சம் உள்ளே தங்கிச் செல்லைக் கொல்லும், பத்து முறை கழுவினாலும் மெதுவாகக் கசியும். முதல் மாதம் அதில் போனது. பிறகு இ.டி.சி., என்.ஹெச்.எஸ். என்ற பிணைப்பு ரசாயன ஜோடிக்கு மாறினோம். இது பிணைத்துவிட்டு வெளியே போய்விடும், தான் உள்ளே தங்காது. ஆனால் இ.டி.சி. பவுடர் ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே திறந்தால் உள்ளே பனி படிந்து, மூன்றாவது முறை திறக்கும்போது பாதி செத்திருக்கும். அறைச்சூடு வரும்வரை மூடியே வைத்திருந்து பிறகு திறங்கள். அதைவிட நல்லது, வாங்கிய அன்றே ஒரு ஓட்டத்துக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைப்பது. பிணைப்புக் கரைசல் எம்.இ.எஸ். பஃபரில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்), பி.ஹெச். 5.5-ல். டிரிஸ் பஃபர் கூடாது, அதில் இருக்கும் அமீனோடு இ.டி.சி. போய் ஒட்டிக்கொள்ளும். இதே மாதிரி உலர்ந்த நுரையில் ஒளிந்திருக்கும் அசிட்டிக் அமிலமும் இ.டி.சி.யைத் தின்னும். எங்கள் பிணைப்பு ஒரு வாரம் வலுவாக, மறு வாரம் நீர்த்து வந்ததற்குக் காரணம் அதுதான். நீருறிஞ்சும் தன்மை குறைந்துவிட்டால் பயப்படாதீர்கள், பிணைப்பு நடந்ததற்கு அது அடையாளம்.

பெரிய அடி கிருமிநீக்கத்தில் விழுந்தது. அதுவரை எல்லாச் சோதனையையும் 70 சதவீத ஆல்கஹாலில் முக்கி, யு.வி. விளக்கின் கீழ் வைத்த துண்டுகளில்தான் செய்திருந்தோம். லேபில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆல்கஹால் பாக்டீரியாவின் ஸ்போரைக் கொல்லாது, யு.வி. நுரைக்குள் போகாது. மனித உடம்பில் வைக்கிற பொருளுக்கு அதைக் கிருமிநீக்கம் என்று எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆட்டோகிளேவில் நீராவியில் வேகவைத்தால் பாயா. எத்திலீன் ஆக்சைடு வாயுவுக்குச் சூடும் ஈரப்பதமும் சேர்ந்து வேண்டும். அந்தக் கூட்டில் எங்கள் துண்டு சுருங்கியது. மிச்ச வாயுவை வெளியேற்றப் பல நாள் காற்றாட வைத்து, மிச்சம் எவ்வளவு என்று அளந்தும் காட்ட வேண்டும். மீந்தது காமா கதிர், 25 கிலோகிரே (கதிர் டோஸின் அலகு). 40 துண்டுகளைப் பொதிந்து அனுப்பினோம். திரும்பி வந்தபோது பார்க்க அப்படியே இருந்தன. தண்ணீரில் போட்டால் கையில் கூழ். கதிர் கொலாஜன் சங்கிலியை நறுக்கிவிட்டிருந்தது. கொலாஜனேஸ் நொதியில் மூன்று நாள் தாங்கிய துண்டு, இப்போது ஒரு இரவைத் தாண்டவில்லை.

அன்று யாரும் யாரோடும் பேசவில்லை. அதுவரை சேர்த்த துளை அளவு, இழுவிசை, செல் வளர்ச்சி எல்லாமே கதிர் படாத ஒரு பொருளைப் பற்றியவை. நோயாளிக்குப் போகப்போவது வேறொரு பொருள். அத்தனை வரைபடத்தையும் மறுபடி போட வேண்டும். இங்கே சொல்லவேண்டியது ஒன்றுதான், இந்த முழுக் கட்டுரைக்கும் அதுதான் காரணம்: கிருமிநீக்க முறையை முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். முதல் பத்து சுமாரான துண்டுகளைச் செய்த உடனே கதிருக்கு அனுப்பிவிடுங்கள். அதைத் தாங்குவதற்கேற்பப் பிணைப்பைக் கூட்டுங்கள், அதன் பிறகு செல்லைக் காட்டுங்கள். கதிர் நிலையத்துக்குக் கடிதம் எழுதும்போது குறைந்தபட்ச டோஸை மட்டும் எழுதாமல் அதிகபட்சத்தையும் எழுதுங்கள். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் துண்டுக்கும் நடுவில் இருப்பதற்கும் ஒரே அளவு விழாது. 25 குறைந்தபட்சம் என்றால் ஓரத்தில் 35-ம் போயிருக்கலாம். நாங்கள் பிற்பாடு வெற்றிடத்தில் 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து ஒரு பிணைப்பு, அதன் மேல் இ.டி.சி. பிணைப்பு என்று இரட்டையாகச் செய்து கதிருக்கு அனுப்பினோம், தாங்கியது. 105 டிகிரியில் கொலாஜன் வேகாதா என்றால், எலும்பாய்க் காய்ந்த கொலாஜன் வேகாது. துளி ஈரம் இருந்தால் வேகும். சூட்டை ஏற்றுவதற்கு முன் முழுக்க உலர்ந்ததா என்று எடை போட்டு உறுதி செய்யுங்கள்.

கதிர் பாக்டீரியாவைக் கொல்லும். அதன் செத்த உடம்பிலிருக்கும் எண்டோடாக்சின் என்ற காய்ச்சல் தரும் நச்சை எதுவும் செய்யாது. ஒரு துண்டுக்கு 20 யூனிட் என்பது வழக்கமான உச்சவரம்பு. எங்களுடையது அதைப் பல மடங்கு தாண்டி நின்றதற்குக் காரணம், ராத்திரி முழுக்கக் கேனில் நின்ற டீஅயனைஸ்டு தண்ணீர். தண்ணீரை அன்றன்று பிடியுங்கள், கண்ணாடிச் சாமான்களை 250 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். செல் நச்சுச் சோதனையில் பிழைத்திருக்கும் செல் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல்வி. அதற்கு, உயிருள்ள செல் ஊதா நிறம் தரும் எம்.டி.டி. நிறச்சோதனை போடுகிறவர்கள் ஒரு தட்டில் செல் இல்லாமல் சாரத்தை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அஸ்கார்பிக் அமிலம் போன்றவை, செல் வளர்க்கும் திரவமான மீடியத்தில் இருந்தால் செல்லே இல்லாமல் ஊதா நிறம் வந்துவிடும். எங்களுக்கு ஒருமுறை 130 சதவீதம் பிழைத்திருப்பதாக வந்தது. சந்தோஷப்பட்டோம், வேறென்ன.

செல் பக்கம் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது தனிப் புத்தகம். தோலை டிஸ்பேஸ் என்ற நொதியில் 4 டிகிரியில் ஒரு இரவு ஊறவைத்தால் மறுநாள் மேல்தோல் மாம்பழத்தோல்போல உரிந்து வரும். உரியாவிட்டால் பிய்க்காதீர்கள், துண்டு அகலமாக இருந்திருக்கும், 3-4 மி.மீ. பட்டைகளாக நறுக்கி இன்னும் சில மணி நேரம் விடுங்கள். கெரட்டினோசைட்டைத் தட்டில் 70 சதவீதம் நிரம்பியதும் பிரித்துவிட வேண்டும். சனி ஞாயிறு போகட்டும் என்று விட்டால் திங்களன்று தட்டு நிறைந்திருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அவை முதிரத் தொடங்கிவிட்ட செல்கள். அடுத்த தட்டில் பரவாது. பொங்கல் விடுமுறையில் கஸ்டம்ஸில் நின்ற சீரம் பெட்டியில் டிரை ஐஸ் தீர்ந்து, வந்து சேர்ந்தபோது எல்லாம் உருகியிருந்தது, 1.4 லட்சம். டிசம்பர் 20-க்கும் ஜனவரி 20-க்கும் இடையில் குளிர்ப்பெட்டி எதையும் வரவழைக்காதீர்கள். கிரீனின் முறையில் அடியில் எலியின் 3டி3 செல்களைக் கதிரால் முடக்கிப் படுக்கையாகப் போடுவார்கள். வளர்ச்சி அபாரம். ஆனால் எலிச் செல்லைத் தொட்டு வளர்ந்த ஏட்டை, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. வேற்று விலங்கின் திசுவை ஒட்டுவதாகவே கணக்கில் வைக்கிறது. அந்த முறையில் வரும் எப்பிசெல் என்ற தோல் ஏடு அப்படித்தான் கருதப்படுகிறது. பேப்பர் வேலை இரட்டிப்பாகும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு முறை மைகோபிளாஸ்மா என்ற நுண்கிருமிக்குச் சோதனை. கண்ணுக்குத் தெரியாது, மீடியம் கலங்காது, செல் மட்டும் சோம்பலாக இருக்கும்.

எலி பொய் சொல்லும். எலியின் தோல் உடம்போடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருக்கிறது, அடியில் ஒரு மெல்லிய தசையும் உண்டு. காயத்தின் பெரும்பகுதியை அது சுருக்குப்பையைப்போல இழுத்தே மூடிவிடும். மனிதத் தோல் புதிதாய்த் திசு வளர்ந்து மூட வேண்டும். நம் சாரம் வைத்த எலியும் வைக்காத எலியும் 12-ம் நாள் ஒரே மாதிரி நின்றபோது, சாரம் உபயோகமில்லை என்றே எழுதிவிட இருந்தோம். காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் வைத்துத் தைத்துச் சுருங்கவிடாமல் தடுக்கும் முறை 2004-லிருந்தே இருக்கிறது. வளையம் கழன்ற எலியின் கணக்கைச் சேர்க்காதீர்கள், எத்தனை ஆசையாக இருந்தாலும். கையில் பணம் இருந்தால் எலியைக் குறைத்துப் பன்றிக்குப் போங்கள், அதன் தோல் நம்முடையதைப்போல இறுகி ஒட்டியது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு தீக்காய சர்ஜனின் மேஜையில் துண்டை வைத்தோம். அவர் செய்த முதல் காரியம், சலைன் கிண்ணத்தில் போட்டு எடுத்து, இரண்டு ஃபோர்செப்ஸால் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கியது. கிழிந்தது. "ரத்தம் கசியிற இடத்துல, கிளவுஸ் போட்ட கையால, சொட்டச் சொட்ட ஈரத்துல இதைத் தைக்கணுங்க சார். இன்னொன்னு இருக்கா?" என்றார். இருந்தது, அதுவும் கிழிந்தது. நாங்கள் இழுவிசையை உலர்ந்த துண்டில் அளந்திருந்தோம். பிறகு அவரே பொறுமையாகச் சொன்னவைதான் மூன்று வருடத்தில் கற்றதில் உருப்படியானவை. சாரத்தின் அடியில் ரத்தமோ நீரோ தேங்கினால் அந்த இடம் ஒட்டாது. அங்கங்கே சிறு கீறல் போட்டுத்தான் வைப்பார்கள், ஆகவே கீறல் போட்ட துண்டு மேலும் கிழியாமல் நிற்க வேண்டும். கிராம் திசுவுக்கு ஒரு லட்சம் கிருமிக்கு மேல் இருந்தால் சொந்தத் தோலே ஒட்டாது. ரத்த ஓட்டம் இல்லாத கொலாஜன் கிருமிக்கு விருந்து. சொந்தத் தோலைச் சீவி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அடியிலிருந்து ரத்தநாளம் இணைந்துவிடும். வெறும் சாரத்துக்குள் நாளம் வளர்ந்து ஏற இரண்டு மூன்று வாரம். அத்தனை நாளும் மேலே ஈரம் போகாமல், கிருமி வராமல் மூடியிருக்க வேண்டும். இன்டெக்ராவில் சிலிக்கோன் ஏடு இருப்பது அதற்காகத்தான். நாங்கள் அந்த ஏட்டை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டிருந்தோம்.

செல் ஏட்டைப் பற்றியும் அவரிடம் கேட்டோம். கெரட்டினோசைட் ஏடு சில செல் கனம்தான். தட்டிலிருந்து எடுத்த உடனே சுருங்கும், வாசலின் காஸில் ஒட்டித்தான் தூக்க முடியும். கொழுப்பின் மேல் நேரடியாக வைத்தால் ஒட்டிப் பிழைப்பது அரிது. ஒட்டினாலும் உள்தோலோடு அதை நங்கூரமிடும் இழைகள் முதிர மாதக்கணக்காகும், அதுவரை துணி உரசினாலே கொப்புளம் கிளம்பும். அடியில் ஏதாவது ஒரு உள்தோல் வேண்டும். இறந்தவர் தானமாகத் தந்த தோலை முதலில் வைத்து, அதன் மேல்தோலை நீக்கிவிட்டு ஏட்டை வைக்கும் முறை எண்பதுகளிலேயே வந்துவிட்டது. தானத்தோலை 85 சதவீத கிளிசராலில் குளிர்பெட்டியில் வருடக்கணக்காக வைக்கலாம். உங்கள் பொருள் போட்டியிட வேண்டியது அதனோடும்தான்.

கேட்டுவிட்டுக் கிளம்பும்போது அவர் கேட்டார்: "வாழை இலையைவிட இது எவ்வளவு நல்லது?" கிண்டல் இல்லை. மேலோட்டமான தீக்காயத்துக்கு வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலும் வாழை இலையும் டிரெஸ்ஸிங்காக இந்திய மருத்துவர்கள் முறையாகவே சோதித்து வெளியிட்டவை. ஒட்டாது, வலிக்காது, சில ரூபாய்தான். ஆழமான காயத்துக்கு அவை போதாது, அங்கேதான் சாரத்துக்கு வேலை. நாங்கள் எல்லாச் சோதனையிலும் வெறும் காஸ் துணியோடு ஒப்பிட்டிருந்தோம். காஸ் காய்ந்து காயத்தோடு ஒட்டும், பிய்க்கும்போது புதுத்தோலும் வரும். அதைவிட எதுவும் நன்றாகத்தான் தெரியும். மருத்துவமனை இன்று எதை வைக்கிறதோ அதோடு ஒப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

அனுமதி விஷயம். இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி விலங்குத் திசுவிலிருந்து வரும் பொருள் டி வகுப்பு, அதாவது அதிகபட்ச ஆபத்து. உயிருள்ள செல் சேர்த்தால் கருவி என்ற கணக்கிலிருந்து நழுவிப் புது மருந்துக் கணக்குக்குப் போய்விடும். செலவும் காலமும் வேறு உலகம். இதைத் தெரிந்துகொண்ட அன்றே செல்லை விட்டோம், அதுவரை அதில் போட்ட எட்டு மாதத்தோடு. நடக்காத காரியம் என்று நினைத்துவிட வேண்டாம்: திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனம் பன்றியின் பித்தப்பையிலிருந்து செல்லை நீக்கிச் செய்த கோலிடெர்ம், டி வகுப்பிலேயே 2023-ல் அனுமதி வாங்கியது. சோதனைக்காகத் தயாரிக்கவே எம்.டி.13 உரிமம் வேண்டும். எந்த மாட்டின் எந்தத் தசைநார், எந்தத் தேதி, எந்த கால்நடை மருத்துவர் பார்த்தார் என்ற சீட்டு முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். பின்னால் உண்டாக்க முடியாது. எங்களிடம் கசாப்புக்கடைக்காரரின் பெயர் மட்டும் இருந்தது, அதுவும் முதல் பெயர். இன்னொன்றும் உண்டு, மாடா பன்றியா என்பது நோயாளியின் வீட்டாருக்கு முக்கியம். ஒப்புதல் படிவத்தில் சின்ன எழுத்தில் ஒளிக்காமல் தமிழில் தெளிவாக எழுதிக் கேளுங்கள்.

இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் வேலை ஒன்று தருகிறோம். கதிர் பட்ட துண்டு ஒன்று, சலைன் கிண்ணம், 4-0 தையல் நூல், ஒரு கிளவுஸ், தோல் உரித்த ஒரு கோழித்தொடை. துண்டைப் பத்து நிமிடம் நனையவைத்து, நாலு கீறல் போட்டு, தொடையைச் சுற்றி எட்டுத் தையல் போட வேண்டும். பிறகு தொடையை மடக்கி நீட்டி இருபது முறை. தையல் இருந்த இடத்தில் கிழிந்தால் அந்த பேட்ச் செல்லையோ எலியையோ பார்க்காமல் நேராகப் பிணைப்பு மேஜைக்குத் திரும்பும். கோழித்தொடைக்கு 90 ரூபாய், நூலுக்கு 150.